தட்டுமுனியும் நான் சேர்த்த ஒரு வரியும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் உபதேசியார் டேவிட் அவர்களே, முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும், மறைந்த மேஸ்திரியின் துணைவி ஞானசுந்தரி அம்மா அவர்களே, காலை ஷிப்ட் முடிந்து முகத்துத் தூசியைக்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் என் மக்களே! ஊரிகம் தங்கச் சுரங்க லைன் முழுவதற்கும் மாமாவாகிய இந்த வேலு உங்களை வணங்குகிறேன்.

மறைந்த இன்பராஜ் மேஸ்திரி யார்? சுரங்கத்துக்குள் கூரையைத் தாங்க மரம் நிறுத்தியவர் என்பீர்கள். அது பிழைப்பு, ஐயா! அவர் பேய்க்கதைச் சக்கரவர்த்தி! அவர் பேனாவை மையில் தோய்த்தால் கோலார் வரைக்கும் நாய்கள் வாலைச் சுருட்டும். கோரமண்டல் லைன் புளியமரத்துப் பேய்கள், தங்களைப் பற்றி அவர் எழுதியதைக் கேட்டு நடுங்கி, மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிப் போயின. டிக்கெட் வாங்கினவா என்று கேட்காதீர்கள்!

அவருடைய ‘தட்டுமுனி’ புத்தகத்தை அறியாதவர் இங்கே உண்டா? பாறை விழுந்து செத்த ஒருவன் உள்ளேயிருந்து மூன்று முறை தட்டுவான். கேட்டால், கூரை இறங்கப்போகிறது, ஓடு என்று பொருள். அவ்வளவுதான் அவர் எழுதியது. ஏன் எழுதினார்? பாறை முறியுமுன் சத்தம் கொடுக்கும் என்று மேஸ்திரி சொன்னபோது நாம் கேட்டோமா? முனி சொன்னதும் கேட்டோம்! கூட்டத்தில் நிற்கும் முனியப்பா, நீ உயிரோடு நிற்பது யாரால்?

ஆனால் மேஸ்திரியை விட்டால் நம் லைனில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். ஞாயிறுதோறும் உங்களுக்கு வாசித்தவன் நான். வாசித்ததோடு நின்றேனா? “தட்டும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவன் ரத்தம் கக்குவான், அவன் வீட்டில் ஏழு பேர் விழுவார்கள்” என்று நீட்டினேன். புத்தகத்தில் அந்த வரி இல்லை! நீங்கள் வாய்பிளந்து கேட்ட ருசியில் என் நாக்கில் முளைத்தது அது.

மேஸ்திரி ஒருநாள் அதைக் கேட்டுவிட்டார். “இன்னா மாமா, என் முனி ஆளைக் காப்பாத்தறவன். அவனைப் போயி கொலகாரனா ஆக்கிட்டீங்களே!” என்றார்.

“உன் முனி ரொம்ப சாது, மேஸ்திரி. கொஞ்சம் மொளகாத்தூள் போட்டேன்” என்று சிரித்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, கோலாருக்குப் போவதாகச் சொல்லியிருந்தவர், புறப்படுமுன் தான் நிறுத்திய ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாக இறங்கினார். பாறை சரிந்து வழியை அடைத்தது. அவர் கோலாரில் இருப்பதாகவே நாம் நினைத்தோம். புதன்கிழமை பகல், அந்தச் சரிவுக்கு இந்தப் பக்கம் நானும் முனியப்பனும். டொக். டொக். டொக்.

“மாமா, ஆளு தட்டற மாதிரி கீது. நாமளும் தட்டிப் பாக்கலாமா?”

“திரும்பாதடா! ரத்தம் கக்குவே!”

சொன்னவன் யார்? அந்தப் பொய்யைப் பெற்றவன்! என் பொய்க்கு நானே பயந்து, முனியப்பனை இழுத்துக்கொண்டு, மேலே ஏற்றும் கேஜுக்கு ஓடினேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் சேர்த்து அன்று பன்னிரண்டு பேர் கேட்டோம். பன்னிரண்டு பேரும் ஓடினோம்.

வியாழக்கிழமை அம்மா சுரங்கத்து ஷாஃப்ட் வாசலில் வந்து நின்றார். “கோலாருக்குக் கொண்டுபோற பை வீட்லயே கீதே. அவரு எங்க?”

பாறையை அகற்றினோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கையில் சுத்தியல். மூச்சுதான் இல்லை.

மலையையும் கடலையும் கூட்டிச் சொல்லியே வாழ்ந்தவன் நான், மக்களே. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அம்மா, மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வாசிக்கத்தான் இருக்கிறது. இனி ஞாயிறுதோறும் அவர் எழுதியதை எழுதியபடி வாசிப்பேன். என் வரியை உங்கள் காதிலிருந்து பிடுங்கும்வரை வாசிப்பேன். ஒன்று மட்டும் உறுதி சொல்லுங்கள்: சத்தம் கேட்டால் ஓடுங்கள். கேஜ் வாசல் வரை ஓடுங்கள். அங்கே நின்று, திரும்பிப் பதில் தட்டுங்கள்.

இப்போது இந்த மேசையைத் தட்டுகிறேன். டொக். டொக். டொக்.

என் பொய்க்கு இன்னுமா பயப்படுகிறீர்கள்? பெஞ்சைத் தட்டுங்கள், சுவரைத் தட்டுங்கள்! ஐயா, ஒருவராவது தட்டுங்கள்!