பட்டியில் ஒரு வரப்புநண்டு

திருநின்றவூரில் காற்றோட்டமான மாடி வாடகைக்குக் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, மேடம். டைல்ஸ் கடைக்கு மேலே எங்களுக்குக் கிடைத்தது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், மூன்று பக்கமும் ஜன்னல். அங்கே உட்கார்ந்துதான் 'பாளையம்' என்ற விளையாட்டை நடத்தி வந்தேன். உங்கள் ஏட்டு அதை 'செல்போன் கேம்' என்று எழுதிக்கொண்டார். இருக்கட்டும். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். தன் பாளையத்தைக் காப்பாற்றிக்கொண்டே அடுத்தவன் பாளையத்தைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, மைக்கில் பேசியபடி ஆடுவார்கள். ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பருவம் முடியும்போது யார் முதலிடம் என்று அறிவிப்போம்.

என் பெயர் அனந்தபத்மநாபன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் பேச்சை நிறுத்துவார்களே தவிர, யாரையும் வாய்க்கு வந்தபடி ஏச மாட்டார்கள். ஆட்டத்தில் அசிங்கமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பு கூசும். நீங்கள் விசாரிக்கிற இந்த இளமதியிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதை முதலில் குறித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ப்ரஹ்லாத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவி கோதைநாயகியின் தம்பி. நான் வேலை கற்றுக்கொடுத்து, என்னோடு பாளையத்தைக் கட்டியவன். ஒரு நாள் ராஜினாமா கொடுத்தான். அடுத்த பொங்கலுக்குள் 'சூறை' என்று சொந்தமாக ஒரு விளையாட்டை வெளியிட்டான். கோபுரங்களின் நிறத்தை மாற்றியிருந்தான், வேறொன்றும் மாற்றவில்லை. என்னிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் பின்னால் போய்விட்டார்கள். மாமனாரின் சஷ்டியப்தபூர்த்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அத்திம்பேர், உங்க கேம்ல பழைய ஆளுங்க புதுசா வர்றவாளை அடிச்சே துரத்திடறா. அவாளுக்கு நான் ஒரு இடம் கட்டியிருக்கேன். அவ்ளோதான்."

நான் அக்காரவடிசல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். அவனை எனக்குப் பிடிக்காது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவன் வீட்டு வாசலில் நிற்கிற காரைப் பார்த்தாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இளமதி எங்களுடைய ஆட்டக்காரி. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற பூவராகவன் என்பவரின் மகள். கும்முடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கூட வேலை செய்கிற பிரின்சியோடு பஜார் மாடியில் ஓர் அறையில் தங்கியிருந்தாள். ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் வரப்புநண்டு. பொருத்தமான பெயர்தான். நேரே வரவே மாட்டாள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, எதிரி திரும்புவதற்குள் பாளையத்துக்குள் இருப்பாள். போன வருடம் முழுக்க அவள் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே எங்களிடம் ஆட்கள் வந்தார்கள். அவளுக்காக நான் பெருமைப்பட்டிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவம் ஆரம்பித்ததும் அவளே நேரலையில் வந்து சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். ப்ரஹ்லாத் அவளைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை. பாளையத்தில் முதலிடத்தோடு முடித்துவிட்டு வர வேண்டும். அப்போதுதான் 'பாளையத்தின் முதல் ஆட்டக்காரி எங்களிடம் வந்துவிட்டாள்' என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். இனி பேக்கிங் லைனில் நிற்க வேண்டியதில்லை, அப்பாவையும் குத்தகை நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டேன் என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி என்னைக் காலி செய்துவிட்டுப் போவதை நான் பார்த்ததில்லை.

பட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. திருட்டு மென்பொருள் வைத்துச் சுவருக்குப் பின்னால் பார்த்துச் சுடுகிறவன், பெண்களிடம் அசிங்கம் பேசுகிறவன், இவர்களை வெளியே துரத்தினால் டீ ஆறுவதற்குள் புதுப் பெயரில் வந்து நிற்பார்கள். அதனால் துரத்துவதில்லை. அவர்களுக்குத் தெரியாமலேயே, அவர்களை அவர்களோடு மட்டும் ஆட விடுவோம். எங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலம்தான் இதற்குப் பட்டி என்று பெயர் வைத்தான். அவன் ஊரில் அடுத்தவன் பயிரில் மேய்ந்த மாட்டை அப்படித்தான் அடைத்து வைப்பார்களாம். அங்கே மாட்டுக்காரன் அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போவான். எங்கள் பட்டிக்கு மீட்க யாரும் வருவதில்லை.

பட்டிக்குச் சில விதிகள் உண்டு, எல்லாம் நான் போட்டவை. உள்ளே இருப்பவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதால் புள்ளிகள் வழக்கம் போல ஏறி இறங்கும். அடுத்தவன் குரலை அடைக்கிற பொத்தான் அங்கே வேலை செய்யாது. ஒருவன் வசவை இன்னொருவன் கேட்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். பட்டிக்குள்ளிருந்து வரும் புகாரை யாரும் திறக்கக் கூடாது. அயோக்கியன் கொடுக்கிற புகாருக்கு என்ன மதிப்பு?

இளமதியைப் பட்டியில் போட்டேன். திரையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக், அவ்வளவுதான் வேலை. நாலு ஆட்டம் தோற்பாள், முதலிடம் போய்விடும், ப்ரஹ்லாத் வேறு ஆளைத் தேடுவான் என்று கணக்குப் போட்டேன். என் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஆனால் அவள் தோற்கவில்லை. சொந்த அணியிலேயே நாலு பேர் அவளைப் பச்சையாக ஏசிக்கொண்டிருப்பார்கள், எதிரே இருப்பவர்கள் சுவருக்குப் பின்னால் பார்ப்பார்கள், அவள் பாட்டுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து ஜெயித்துவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் குரல் பதிவாக ஒரு புகார் அனுப்பினாள். திறக்கக் கூடாது என்பது மற்றவர்களுக்கான விதி. நான் கேட்டேன். "சார், நான் ஒரு தப்பும் பண்லீங்க. எந்த டீம்ல போட்டாலும் அசிங்க அசிங்கமா பேசிக்கினே கீறாங்க. வாயை அடைக்கிற பட்டனும் வேலை செய்யல. கொஞ்சம் பாருங்க சார்." மரியாதையான பெண்தான். இன்னும் சில புகார்கள் வந்தன. அவற்றையும் கேட்டேன். காலையில் காபியோடு கேட்கிற பழக்கமாகிவிட்டது.

அப்புறம் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பட்டிக்குள் யாரை யாரோடு சேர்ப்பது என்பதில், பக்கத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை என்று வைத்தேன். பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடினால் ஆட்டம் தடைபடாது. இது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கும்முடிப்பூண்டியில் பட்டிக்காரன் ஒருவன்தான் இருந்தான். விமல். லாரி யார்டில் வேலை. போன வருடம் ஆட்டத்தில் தன்னைத் தோற்கடித்த ஒரு கல்லூரிப் பெண்ணின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் போய் நின்று, கொளுத்திவிடுவேன் என்று சொன்னவன். அந்தப் புகாரைப் படித்து அவனைப் பட்டியில் போட்டதே நான்தான்.

அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் இளமதியின் அணியில் விமல் இருந்தான்.

இரவு ஷிப்டு வாரங்களில் அவள் மதியம் ஆடுவாள். அப்படி ஒரு மதியம், கம்பெனிகளில் ஷிப்டு மாறுகிற சங்கு அவள் மைக்கில் கேட்டது. விமல் ஆடுவதை நிறுத்திவிட்டான். "இன்னாமே, உன் பின்னாடி சங்கு ஊதுது. எங்க ஊட்டு ஜன்னலாண்டயும் இப்போ அதே சங்குதான் ஊதுது." சிரித்தான். "கிட்டத்தான் கீற போல." "அண்ணா, கேமை ஆடுங்க" என்றாள் அவள்.

இந்தப் பதிவு என் ஊழியர் ஸஹானா கையிலும் கிடைத்தது. புகார்களைப் பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை, ஆனால் பட்டிப் பக்கம் போக வேண்டியவள் இல்லை. நேரே என் அறைக்கு வந்தாள். "சார், இந்தப் பொண்ணு எப்படிப் பட்டிக்குள்ள வந்தா? இவமேல ஒரு கம்ப்ளெயிண்ட்கூட இல்லையே. அவனை இன்னைக்கே தூக்கிடணும் சார். இவ நம்பர் நம்மகிட்ட இருக்கு, நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டாள். தூக்கியாகிவிட்டது, அந்தப் பெண்ணிடமும் பேசிவிட்டேன் என்றேன். ஸஹானா நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். அவளை நீங்கள் இவ்வளவு நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருப்பது அநாவசியம். நான் சொன்னதை நம்பினாள், வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

பயந்துகொண்டு இளமதி ஆட்டத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அவள் உயிர் எனக்கு எதற்கு? அவள் விடவில்லை. பருவம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஜன்னலை மூடிக்கொண்டு, தன் மைக்கை அணைத்துவிட்டு, ஊமையாகவே ஆடினாள். ஊமையாகவே ஜெயித்தாள். விமலுக்குச் சங்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்தச் சங்கு கும்முடிப்பூண்டி முழுக்கக் கேட்கும்.

அவள் அணைத்த மைக் எப்படித் திறந்தது என்று உங்கள் தொழில்நுட்ப ஆட்கள் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம். மைக்கை நான்தான் திறந்தேன். பட்டிக்கு மட்டும் ஒரு சின்ன அப்டேட் அனுப்பினேன். திரையில் மைக் அணைந்திருப்பதாகவே காட்டும். உண்மையில் அணைந்திருக்காது. பேசாமல் ஆடினால் அது அணி ஆட்டமாகுமா? எல்லோருக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் அறையில் நடப்பதெல்லாம் விமலுக்குக் கேட்டது. மிக்சி ஓடுவது, பிரின்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பது, மாடிக்கு நேர் கீழே நின்று ஷேர் ஆட்டோக்காரர் கூவுவது. "எளாவூர், ஆரம்பாக்கம், ஏறு ஏறு." அந்த ஆட்டோக்கள் நிற்கிற இடம் கும்முடிப்பூண்டியில் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். விமலுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் அதற்குப் பிறகு அவளை ஏசுவதை நிறுத்திவிட்டான். ஒழுங்காகக்கூட ஆடினான். பட்டியின் வேலையே திருத்துவதுதானே என்று எனக்குத் தோன்றியது.

பருவத்தின் கடைசி நாள், மதிய ஆட்டம். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மைக்கில் ஷேர் ஆட்டோக்காரர் குரல் வந்தது. கண் இமைப்பதற்குள் அதே குரல், அதே வார்த்தை, விமலின் மைக்கிலும் வந்தது. அவன் செல்போனில் ஆடியபடியே அவள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். பிரின்சி சொல்வது கேட்டது: "இளமதி, கீழ எவனோ ரொம்ப நேரமா நின்னுக்கினு கீறான்டி." இளமதி சொன்னாள்: "இரு பிரின்சி, இதை முடிச்சுட்டு வந்துடறேன். இது ஜெயிச்சா அவ்ளோதான், நாளைலேருந்து நமக்கு ஷிப்டே கிடையாது."

அவள் செல் நம்பர் என் திரையில், அவள் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் போன் மேஜை மேல் இருந்தது. உங்கள் ஸ்டேஷன் நம்பரும் அதில் இருக்கிறது, ஒரு முறை பைக் காணாமல் போனபோது சேமித்தது. நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரி பாளையம் விழுவதற்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. விமல் விளையாடுவதை நிறுத்திவிட்டான், அவனுடைய வீரன் ஓரிடத்தில் அசையாமல் நின்றான். மீதி மூன்று பேரோடு அவள் முடித்தாள். பிறகு கதவு தட்டுகிற சத்தம் இரண்டு மைக்கிலும் வந்தது.

கத்தி அவன் கையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் இறந்துவிட்டாள் என்று அடுத்த நாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை. கதவு திறந்ததும் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அந்த மாதிரிச் சத்தங்களை என்னால் கேட்க முடியாது.

செய்தது நான்தான். அவளைப் பட்டியில் போட்டேன், அவனை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தேன், மைக்கைத் திறந்தேன், ஸஹானாவிடம் பொய் சொன்னேன், போனைத் தொடவில்லை. கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். நிறைய உண்டு. அத்தனைக்கும் பிறகு அவள் முதலிடத்தோடு முடித்துவிட்டாள், மேடம். அடுத்த நாள் ப்ரஹ்லாத் சூறையை முழுக்க நிறுத்திவைத்து, திரையில் அவள் படத்தைப் போட்டு, 'இளமதி, பாளையத்தின் முதல் ஆட்டக்காரி' என்று எழுதினான். அவள் அப்பா பூவராகவன் வீட்டுக்கும் போய், வாசலில் உட்கார்ந்து அழுதானாம். கோதைநாயகி அதை என்னிடம் சொல்லிவிட்டு அவளும் அழுதாள். செத்துப்போன ஒரு பெண்ணை வைத்து இப்படி விளம்பரம் தேடுகிறவனுக்கு என்ன பெயர் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னால் பொறாமை என்பீர்கள்.