கைக்குப் பொருந்திய கேமரா

ஐயோ, பிரிக்காதீங்க. அப்படியே வைங்க. அந்த ஸ்டூல் மேல வேணாம், அது ஒரு கால் ஆடும், இத்தனை வருஷம் இங்க வேலை பாத்தும் மறந்துட்டீங்க பாருங்க. ஆ, அந்த மேசை மேல. ஆமா, கேமராதான். கடைசியில வாங்கியே வாங்கிட்டேன். நீங்க பாட்டுக்கு ஒயரச் சுத்துங்க, லைட்டெல்லாம் பையில போடுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள மொதலாளிகிட்ட சாவி குடுக்கணும்ல.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நானாவா இவ்வளவு பேசுறேன்னா? எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. எனக்கு சைலண்ட் ஷட்டர்னு பேரு வச்சதே நீங்கதானே. இந்த ஸ்டூடியோவுல மொதலாளி, அவங்க வீட்டு அக்கா, கூரியர் கொண்டு வர்றவரு வரைக்கும் இப்ப அப்படித்தான் கூப்பிடுறாங்க. சைலண்டு, டீ வந்தாச்சுங்கறாரு மொதலாளி. இன்னைக்கு என்னவோ அந்த சைலண்ட் மோடு கெட்டுப்போச்சுன்னு வச்சுக்கங்களேன்.

எந்தக் கம்பெனியா? சொல்றேன், அவசரப்படாதீங்க. அத அவ்வளவு சுலபமா சொல்லிட்டா நான் பட்ட பாட்டுக்கெல்லாம் என்ன மரியாதை?

சிரிக்காதீங்க. நெசமாவே பட்டேன். பெரிய சென்சார் வச்ச ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கணும்னு முடிவு பண்ணது நல்ல முடிவுதான். என் பழைய கேமரால ஸ்கூல் ஹாலுக்குள்ள படம் எடுத்தா பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் ரவை தூவின மாதிரி வருதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. சென்சார் பெருசா இருந்தா இருட்டுலயும் மூஞ்சி மூஞ்சியா இருக்கும். அதுவரைக்கும் தெளிவு. எந்தக் கம்பெனின்னு வந்தப்பத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு. வீடியோ பாத்தேன். ஒண்ணு பாத்தா ஒம்போது வருது. அவங்க என்ன பண்றாங்க, ஒரு செங்கல் சுவத்த படம் எடுக்குறாங்க. அத பெருசு பண்ணி மூலையப் பாருங்க, மூலை மங்குதுங்கறாங்க. நானும் கண்ணு வீங்கற அளவுக்கு மூலையப் பாத்தேன். ஒரு நாள் அம்மா வந்து பின்னாடி நின்னு, என்னடி, வீடு கட்டப் போறியான்னு கேட்டாங்க.

அப்புறம் கனம் தாங்குமான்னு ஒரு சந்தேகம். கடையில போயி, கழுத்துல மாட்டிப் பாக்கலாமான்னு கேக்க வாய் வரணுமே எனக்கு? அதனால வீட்டுல ஒரு சோப்பு டப்பாவுல ஆணி, நட்டு, போல்ட்டுன்னு நெறச்சு, எடை போட்டு, பழைய பையோட வாரக் கட்டி, கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு நாள் பூரா வீட்டுல நடந்தேன். பாத்திரம் கழுவுனேன், துணி காயப்போட்டேன். எதிர்வீட்டுக்காரங்க அம்மாவத் தனியா கூப்பிட்டு, பொண்ணுக்கு ஏதாச்சும் வேண்டுதலான்னு கேட்டாங்களாம்.

அம்மாவ ஏன் கேக்குறீங்க. ஒரு கேமராவ இந்த அலசு அலசுற, மாப்பிள்ளை போட்டோவக் குடுத்தா மட்டும் லைட்டிங் சரியில்லன்னு திருப்பிக் குடுத்துடுறன்னு ஒரே புலம்பல். நெசமாவே லைட்டிங் சரியில்லங்க. மேலேருந்து அடிச்சிருந்தாங்க, கண்ணு ரெண்டும் குழியா இருந்துச்சு. இதுல ஜாம் பாட்டில் சண்டை வேற. அது தனிக் கதை, அப்புறம் சொல்றேன்.

கடைக்குப் போனேனா? போனேன், எத்தனையோ தடவ. என்னப் பாத்தாலே அந்த சேல்ஸ்மேன் கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சிடுவாரு. வாங்க மாட்டா, பேசவும் மாட்டா, வேற யாராவது வாங்க வந்தா பக்கத்துல நின்னு ஒட்டுக்கேப்பா, அதானே நானு. ஒரு நாள் அவருக்கே பாவமா போயி, ஒவ்வொண்ணா எடுத்து என் கையில வச்சாரு.

மொதல்ல அந்த சிவப்புக் கோடு போட்ட கம்பெனி. கலரு நல்லாருக்கு. யாரு மூஞ்சியையும் இப்பத்தான் குளிச்சிட்டு வந்த மாதிரி காட்டுது. ஆனா லென்ஸ் விலையக் கேட்டதும் என் மூஞ்சி குளிச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் உங்க கம்பெனி, அந்த மஞ்சக் கோடு. கோச்சுக்காதீங்க, அது கேமராவா, அம்மிக்கல்லா? என் கட்டைவிரல் பட்டனுக்கு எட்டவே இல்ல. பத்தாததுக்கு எல்லாமே எதிர்ப்பக்கம் திருகுது. உலகமே லென்ஸ வலப்பக்கம் திருகி மாட்டினா, உங்க ஆளு இடப்பக்கம் திருகணும்கறான். அப்படி என்ன வீம்பு?

மூணாவதா அந்தக் குட்டி. வெள்ளை எழுத்து போட்டது. அத கையில வச்சாரு பாருங்க, அப்படியே உக்காந்துச்சு, கோழிக்குஞ்சு உள்ளங்கையில உக்காருமே அந்த மாதிரி. ஒவ்வொரு விரலுக்கும் அளவெடுத்து இடம் விட்டிருந்தான். கண்ணு எங்க இருக்கோ அங்க போயி தானா ஃபோகஸ் பிடிக்குது. சத்தமே இல்ல. என்ன மாதிரியே ஒண்ணு செஞ்சு, அட்டைப் பெட்டியில போட்டு வச்சிருக்கான்னு நெனச்சேன். சேல்ஸ்மேனும் சொல்லிட்டாரு, மேடம், இது உங்களுக்குன்னே பொறந்ததுன்னு.

ஆமா, உங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன். அதத்தான் வாங்கப்போறேன்னு ஊரெல்லாம் சொன்னேன். அதுவாத்தான் இருக்கும்னு நெனக்கிறீங்க, இல்ல? பெட்டி சின்னதா வேற இருக்கு. சரி, நெனைங்க.

அந்த நீல பேக்ட்ராப் நம்மளது, மொதலாளியது. அத உள்ள வச்சிடாதீங்க, அப்புறம் உங்களத் தேடிக்கிட்டு வந்துடுவாரு. உங்க திரை அந்தச் சாம்பல் கலரு.

ஏங்க, அந்த ஸ்கூல் க்ரூப் போட்டோ அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? இல்லாம எங்க போகும். பெஞ்சு மேல ஏறி நின்னு, கடைசி வரிசையில குட்டையா இருக்கவங்க முன்னாடி வாங்கன்னு எனக்கே கேக்காத குரல்ல கத்திக்கிட்டு இருந்தேன். பெஞ்சு சாஞ்சுச்சு. நான் விழல, லென்ஸ் விழுந்துச்சு. கண்ணாடி ரெண்டா போச்சு. மொத்த வகுப்பும் ஓன்னு சிரிக்குது. எனக்குத் தரையில பள்ளம் தோண்டி இறங்கிடலாம்னு இருந்துச்சு.

அப்ப நீங்க என்ன பண்ணீங்க? உங்க கேமராலேருந்து அந்தப் பழைய ஃபிஃப்டி எம்.எம். லென்ஸ கழட்டி என் கையில குடுத்துட்டீங்க. அத யாருக்கும் தொடக் குடுக்க மாட்டீங்கல்ல நீங்க? ஓரமெல்லாம் பெயிண்ட் போயி பித்தளை தெரியுமே, அந்த லென்ஸ். போட்டோக்காரன் லென்ஸையும் பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் மட்டும் கடன் குடுக்க மாட்டான்னு மொதலாளி சொல்வாரே, அது உங்கள வச்சுத்தான சொல்வாரு? ஒரு தடவ அவரே கேட்டதுக்குக் குடுக்கலையே.

நானும் வாங்கி மாட்டுறேன், மாட்டுறேன், போகமாட்டேங்குது. நீங்க வந்து திருகுறீங்க, போகமாட்டேங்குது. அந்த ஹெச்.எம். அம்மா பாத்துட்டு, ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே வண்டியில வர்றீங்க, உங்க சாமான் ஒண்ணுக்கொண்ணு சேராதான்னாங்க. அப்பத்தான் உங்களுக்கு உறைச்சுது. ஐயய்யோ, கம்பெனி வேறல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க. அப்புறம் படமெல்லாம் நீங்களே எடுத்தீங்க. நான் பிள்ளைங்களுக்குத் தலை வாரி விட்டேன்.

வேற கம்பெனி லென்ஸ் சேராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. தெரிஞ்சவரு அன்னைக்கு மறந்துட்டீங்க. நான் அழுதுடுவேன் போல நின்னுட்டு இருந்தேன், நீங்க மறந்துட்டீங்க. நான் பேசாத ஆளுதான், ஆனா இந்த மாதிரி விஷயமெல்லாம் நல்லா பாத்து வச்சுக்குவேன்.

இருங்க, இன்னும் முடிக்கல. திரும்பி வர்றப்ப வண்டியில சொன்னீங்க. தனியா ஸ்டூடியோ போடப் போறேன், நல்ல ஆளா ஒருத்தர் கெடச்சா சேந்து பண்ணலாம்னு பாக்குறேன்னு. ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. யார்கிட்ட சொல்றாருன்னு எனக்குப் புரியல. வண்டியில நான் ஒருத்திதான் இருந்தேன். அப்பவும் பின்னாடி திரும்பிப் பாத்தேன். ரெண்டு லைட் ஸ்டாண்டும் ஒரு குடையும் இருந்துச்சு. ஒருவேளை ஸ்டாண்டுகிட்ட சொல்லியிருப்பாரோன்னு கூட நெனச்சேன்.

நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கா? பச்சை விழுந்துருச்சு, போங்கன்னேன்.

அவ்வளவுதான். அதான் என் பதில். ஒரு மனுஷன் என்னமோ கேக்குறாரு, நான் டிராஃபிக் போலீஸ் வேலை பாத்திருக்கேன். நீங்களும் போயிட்டீங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல. நானும் எடுக்கல. இடம் பாத்தாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, இன்னைக்கு மூட்டையும் கட்டிட்டீங்க.

மொதலாளி காலையில கேட்டாரு. அவன்தான் போறான், நீயாவது இருப்பியாம்மான்னு. நான் தலைய ஆட்டினேன். இல்லன்னுதான் ஆட்டினேன். அவரு சரின்னு எடுத்துக்கிட்டாரு போல, ரொம்ப சந்தோஷம்னு டீ சொன்னாரு. டீ நல்லா இருந்துச்சு, குடிச்சிட்டேன். அப்புறம் மனசு கேக்காம பின்னாடியே போயி, வாயத் தொறந்து, அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். எங்க போறன்னாரு. இன்னும் கேக்கலன்னேன். என்ன இவ, கேக்கலங்கறான்னு அவருக்கு ஒண்ணும் புரியல.

மொதலாளி வீட்டு அக்காவுக்குத்தான் புரிஞ்சிருக்கு. கதவு கிட்ட நின்னுட்டு, ஏன்டி, எல்லாரும் அவனை அண்ணா அண்ணாங்கறாங்க, நீ மட்டும் இங்க பாருங்க, ஏங்கன்னே ஓட்டுறியே, நானும் வந்த நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. எனக்குக் காது சூடாயிடுச்சு. சார்னு கூப்பிட்டா நீங்க மொதலாளிய தேடுறீங்க. அண்ணான்னு... வாய் வரல. ஏன் வரலன்னு இப்ப கேக்காதீங்க. ஒரு நாளைக்கு ஒரு விஷயந்தான் என்னால சொல்ல முடியும்.

சரி, ஒயர கீழ வைங்க. இப்ப பிரிங்க.

மெதுவா. ஆமா, மஞ்சக் கோடுதான். உங்க அம்மிக்கல்லுதான். கைக்குப் பொருந்துனத கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். சேல்ஸ்மேன் அழாத குறை. கட்டைவிரல் இன்னும் எட்டலதான், அத இழுத்து விட்டுக்கலாம்.

என்ன தேடுறீங்க? அட்டைக்கு அடியில ஒண்ணும் இல்ல. சார்ஜரும் வாரும்தான். பெட்டி சின்னதா இருக்கேன்னு அப்பவே தோணலையா உங்களுக்கு?

லென்ஸ் வாங்கல.

வெறும் பாடிதான் வாங்கினேன். லென்ஸ் இல்லாம இத வச்சு என்னம்மா பண்ணுவீங்கன்னு அவரும் கேட்டாரு. லென்ஸ் இருக்கு, வேற ஒருத்தர்கிட்ட இருக்குன்னேன். குடுப்பாரான்னாரு. ஒரு தடவ குடுத்திருக்காரு, நான் வச்சிருந்த கேமராதான் சேரலன்னேன்.

எதுக்கு இப்ப மூக்க உறிஞ்சுறீங்க, தூசியா? திரைய உதறினா தூசி வரத்தான் செய்யும்.

அந்த ஃபிஃப்டி உங்க பையில மேலாப்புலதானே இருக்கு? இப்படிக் குடுங்க. பயப்படாதீங்க, கீழ போட மாட்டேன். ஜாம் பாட்டில் கதை சொல்றேன்னேன்ல, அது இதான். ஒரு வாரமா மூடிய இடப்பக்கம் திருகித் திருகி, மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சுன்னு கைக்குச் சொல்லிப் பழக்கியிருக்கேன். வீட்டுல ஒரு பாட்டிலும் மூடியிருக்கறதில்ல, எறும்பு ஏறிடுச்சுன்னு அம்மா திட்டாத நாள் இல்ல.

குடுங்க. எந்தப் பக்கம் திருகணும்னு எனக்கு இப்ப தெரியும்.