மாட்டுக்காகக் கேட்ட வண்டி

— இது ஹாரனா தம்பி, இல்ல உள்ள எதையாவது கட்டிப்போட்டு வச்சிருக்கியா?

— கதிரறுக்கிற மெஷினோட ஹாரன், ஆபீசரம்மா. பழசு ஒண்ணு எங்க ஷெட்டுக்குப் பின்னால கெடந்துச்சு. கழட்டி மாட்டினேன். அவ்வளவுதான்.

— இந்தக் கோர்ட்டு மாடியில ஜட்ஜு தூங்கிட்டிருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பாரு. சரி, ஹாரன் இருக்கு. அடுத்தது, கண்ணாடி. ரெண்டா? பைக்குன்னா சட்டத்துக்கு ஒண்ணு போதுமே.

— எங்க போதகரும் அதத்தான் கேட்டாரு. மாட்டுக்குப் பின்னால போறவனுக்கு மொகம் பாக்க எதுக்குடா ரெண்டு கண்ணாடின்னு.

— நீ என்ன சொன்ன?

— நானா சொன்னேன்? எங்கண்ணன்தான் சொன்னாரு, பின்னால லாரி வந்தா மொகம் இருக்காதுன்னு.

— உங்கண்ணனா? ஏ ரூபன், நீயா அப்படிப் பேசின? ஒரு கோழிக்கு வெல கேட்டா மறுநாள் வரச் சொல்ற ஆளாச்சே நீ.

— கோழி என்னோடதா லோர்னாக்கா, டக்குனு வெல சொல்றதுக்கு? சபையோடது. நாலு பேரக் கேட்டுத்தான் சொல்லணும்.

— அதுவும் சரிதான். எல்லாம் பொதுன்னு வாழுற ஹட்டரைட் கிறிஸ்தவங்கள்ல யாருக்கும் சொந்தமா ஒரு ஸ்பூன்கூடக் கெடையாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

— ஸ்பூன் இருக்குக்கா. அது யாரோடதுன்னுதான் இல்ல.

— அடுத்தது, தம்பி. பிரேக்க அழுத்து. பின்னால செகப்பு எரியுதா பாக்கறேன்... எரியுது. இன்னொரு தடவ. ம். வயரெல்லாம் யாரு இழுத்தது?

— நான்தான். வாத்துக் கொட்டாய்ல ராத்திரி லைட்டுக்கு இழுத்தது மிச்சம் இருந்துச்சு.

— போன மாசம் ஒன்ன நான் ரோட்டுல மறிச்சப்ப இதுல ஒரு லைட்டுகூட இல்ல. காட்டுல ஓட்டுற வண்டிய ரோட்டுல ஓட்டினா அபராதம்னு எழுதிக் குடுத்தேன். மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு, அதத் தள்ளிக்கிட்டே போன.

— இப்பவும் தள்ளிக்கிட்டுத்தான் போறேன். மாடு நிக்கிறது ரோட்டுக்கு அந்தப் பக்கம். பண்ணை இந்தப் பக்கம். நடுவுல ரெண்டு மைல் ரோடு. கன்னு போடுற நேரத்துல தள்ளிக்கிட்டுப் போய்ச் சேந்தா கன்னு செத்துக் கெடக்கு.

— சரி சரி, ஒன் கன்னுக்குட்டிய நான் கொன்னாப்புல பேசாத. டயரு புதுசா? பழைய டயரு சேத்துக்குப் பல்லு பல்லா இருந்துச்சே.

— ரோட்டுக்கு ஓட்டணும்னா ரோட்டு டயர் வேணும்னு நீங்க குடுத்த தாள்ல இருந்துச்சு.

— இருந்துச்சு, இருந்துச்சு. சேசிஸ் நம்பர் எங்க அடிச்சிருக்கு? தலையில, ஹேண்டிலுக்குக் கீழ... ஆங். தொடைச்சுவிடு. நான் கார்ல போயி ரேடியோவுல கேட்டுட்டு வரேன், இது களவு வண்டியா இல்லையான்னு. ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க.

— தாரியஸ்.

— சொல்லுங்கண்ணே.

— பின்னால கேரியர் எதுக்கு வச்ச?

— கன்னுக்குட்டிக்குப் பால் பாட்டில் கட்டுறதுக்கு.

— பாட்டிலுக்கு இவ்வளவு அகலமா?

— ஷெட்டுல இருந்த கம்பி அவ்வளவு நீளம். வெட்ட மனசு வரல. அவ்வளவுதான்.

— ஒரு துணிப்பை தாராளமா உக்காரும் அதுல.

— அண்ணே, நேராக் கேளுங்க.

— பொறு பொறு. நேராக் கேட்டா நீ நேராச் சொல்லுவியா?

— நான் போகலண்ணே. பனிக்காலத்துலேருந்து சொல்றேன். அம்மாட்ட சொன்னேன், போதகர்ட்ட சொன்னேன், வண்டி வாங்கலாம்னு சபையில கை தூக்குறதுக்கு முன்னால எல்லார் முன்னாடியும் சொன்னேன். வண்டி மாட்டுக்குத்தான்.

— நம்ம கூடப்பொறந்த யோனாஸும் ஓடிப்போறதுக்கு முன்னால அப்படித்தான் சொன்னான். பூட்ஸ் பன்னிக் கொட்டாய்க்குத்தான்னு. நல்ல தடிச்ச பூட்ஸா கேக்குறானேன்னு நானே வாங்கிக் குடுத்தேன்.

— நான் யோனாஸ் இல்ல.

— ஒரே கட்டில்ல படுத்தவங்க ரெண்டு பேரும். அவன் எந்திரிச்சுப் போனது ஒனக்குத் தெரியாதுன்னு சொன்ன. நான் நம்பினேன்.

— தெரியாதுண்ணே.

— நம்பினேன்னுதானே சொல்றேன். காலையில அவன் தட்டு மேசையில கவுத்தபடியே இருந்துச்சு. அம்மா அதுல நூடுல்ஸ் சூப்ப ஊத்தி வச்சாங்க. ஆறிப்போய் மேல கொழுப்பு படிஞ்சு நின்னுச்சு. ஹைவே வரைக்கும் நடந்திருக்கான்டா, அந்தக் குளிர்ல. மொன்டானாவுல எவனாவது ஜனவரியில நடப்பானா? லாரிக்காரன் ஏத்திக்கிட்டப்ப பேச்சு வரலையாம். எடது கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க.

— தெரியும். ஈஸ்டருக்கு வந்தப்ப காட்டினான்.

— ஒனக்குக் காட்டினானா?

— சிரிச்சுக்கிட்டே காட்டினான். எண்ணெய்க் கிணத்துல வேல நல்லாப் போகுதாம். செவப்புல ஒரு பிக்கப் வாங்கியிருக்கானாம். வா, ஓட்டிப் பாருன்னான்.

— ஓட்டினியா?

— கேட் வரைக்கும்.

— அதுக்கு மேல?

— அதுக்கு மேல பால் கறக்குற நேரம் ஆயிடுச்சு. வந்துட்டேன்.

— இருபத்தேழு வயசு ஒனக்கு. மொகத்துல தாடி இல்ல. தாடி வைக்கணும்னா கல்யாணம் ஆகணும், கல்யாணம் ஆகணும்னா ஞானஸ்நானம் எடுக்கணும். ஒண்ணும் பண்ண மாட்டேங்குற. சும்மா ஷெட்டுல உக்காந்து ஸ்பேனர் பிடிக்கற. அப்ப நான் என்னன்னு நெனைக்கிறது?

— ஸ்பேனர் பிடிக்கிறேன்னு நெனைங்க.

— ரூபன்! வண்டி சுத்தமா இருக்கு. களவு கிளவு ஒண்ணும் இல்ல. ஏலத்துல வாங்கினதுதானே? உங்க சபை பேர்தான் காட்டுது. இந்தா, பரிசோதன பாஸுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இத எடுத்துக்கிட்டு உள்ள போ. ரெண்டாவது கதவு. கட்டவேண்டியதக் கட்டினா பிளேட்டக் கையில குடுப்பாங்க. சாப்பாட்டுக்கு மூடுறதுக்குள்ள போ.

— போறேங்க்கா.

— நானும் வரட்டுமாண்ணே?

— எதுக்கு? சபை பேர்ல கையெழுத்துப் போடுற அதிகாரம் என்கிட்டத்தான் இருக்கு. நீ வண்டிகிட்ட நில்லு.

— ...உங்கண்ணன் என்ன, கல்லு முழுங்கின மாதிரி போறான்?

— நான் ஓடிப்போயிடுவேன்னு நெனைக்கிறாரு.

— போவியா?

— நீங்களுமா ஆபீசரம்மா?

— எனக்கென்ன. வேலிக்குள்ள இருந்தாலும் சரி, வெளிய போனாலும் சரி, ஹெல்மெட் போட்டா எனக்குப் போதும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. போன வாரம் ரூபன் எங்க போலீஸ் ஆபீசுக்கு ஃபோன் பண்ணான்.

— எதுக்கு?

— சபை வண்டிய சபை ஆளே எடுத்துட்டுப் போயி திரும்பி வரலன்னா அது திருட்டு ஆகுமான்னு கேட்டான்.

— எம்மேல கேஸ் குடுக்கவா?

— நானும் அப்படித்தான் கேட்டேன். சட்டம் என்னன்னு மட்டும் சொல்லுங்கன்னான். வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க புகார் குடுத்தா திருட்டுதான், பக்கத்து ஸ்டேட்ல மறிச்சாக்கூட பிடிச்சு உள்ள வப்பாங்கன்னு சொன்னேன். சரிங்க்கான்னு வச்சுட்டான்.

— அண்ணனா அப்படிக் கேட்டாரு?

— சொல்லியிருக்கக் கூடாதோ?

— இல்ல. தெரிஞ்சது நல்லதுதான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாட்டப் பாக்கறேன். பிரசங்கத்துக்கு உக்காருறேன். உருளக்கெழங்கு எடுக்கிறப்ப எல்லாரோடயும் குனியறேன். இன்னும் என்ன பண்ணினா நம்புவாங்க, சொல்லுங்க.

— எனக்கு ரெண்டு பசங்க. நம்புறது எப்படின்னு என்கிட்டக் கேக்காத. ரேடியோ கூப்புடுது, நான் கெளம்பறேன். கொழுத்த கோழியா நாலு எடுத்து வைக்கச் சொல்லு, சனிக்கெழம வரேன். ஹெல்மெட், தம்பி!

— சரிங்க ஆபீசரம்மா.

— லோர்னாக்கா போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. வாங்கிட்டீங்களாண்ணே?

— இந்தா பிளேட்டு, வண்டித் தாளும் இந்தா. ரெண்டு போல்ட்டு, சின்னது. முறுக்கு.

— நீங்க பிடிங்க, நான் முறுக்கறேன்... அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நான் வண்டியோட போயிட்டா எம்மேல போலீஸ்ல புகார் குடுப்பீங்களா?

— அக்கா சொல்லிட்டாங்களா?

— சொன்னாங்க.

— நான் குடுக்க மாட்டேன். ஆனா வண்டி சபையோடது. நாளைக்கு என்ன மாத்திட்டு வேற ஒருத்தன இந்த வேலையில வப்பாங்க. அவன் குடுத்தா? எவனோ ஒரு போலீஸ்காரன் ஒன்ன ரோட்டோரத்துல குப்புறப் படுக்கவச்சு வெலங்கு மாட்டினா? யோசிச்சுப் பாத்தேன், நாலஞ்சு ராத்திரி. அந்தத் தாளப் பாரு.

— எந்தத் தாள்?

— வண்டித் தாள். ஒன் கையில குடுத்தேனே. உரிமையாளர்னு போட்டிருக்க எடத்தப் பாரு.

— ...இது தப்பா அடிச்சிருக்காங்கண்ணே. எம்பேரப் போட்டிருக்காங்க.

— தப்பில்ல. நான்தான் சொன்னேன். சபை ஒனக்கு ஒரு டாலருக்கு வித்துட்டதா கையெழுத்துப் போட்டேன். டாலரையும் நானே வச்சேன், கைச்செலவுக்குன்னு சபை எனக்குக் குடுக்குற மாசக் காசுலேருந்து.

— சபை அப்படிச் சொல்லலையே. சபை பேர்ல எழுதத்தானே எல்லாரும் கை தூக்கினாங்க?

— ஆமா.

— ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் ஒங்கள நிக்கவச்சுக் கேப்பாங்க.

— கேக்கட்டும். சபைச் சாவிக்கொத்த வாங்கிக்கிட்டு வாத்துப் பக்கம் போடான்னு சொல்லுவாங்க. வாத்து நல்ல ஜீவன். வெல கேக்காது.

— என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?

— நீ போறதுன்னா லைட்டு எரியணும், ஹாரன் அடிக்கணும், தாள்ல ஒன் பேரு இருக்கணும். எவன் மறிச்சாலும் நெஞ்ச நிமித்திக் காட்டிட்டுப் போகணும். நடந்து போகக் கூடாது. களவாணி மாதிரியும் போகக் கூடாது. என்னால முடிஞ்சது இதுதான்டா. லைட்டும் ஹாரனும் நீயே மாட்டிக்கிட்ட, பேரு மட்டும் பாக்கி இருந்துச்சு.

— நான் எங்கயும் போகல. எத்தன தடவ சொல்றது? மாட்டுக்குத்தான் கேட்டேன். எனக்குப் பொறந்ததுலேருந்து அந்தப் பண்ணைதான். அங்க சாகுறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கன்னு போடுற பசுகிட்ட நேரத்துக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

— ...நெசமாவா?

— என் மொகத்தப் பாருங்க.

— பாக்கறேன்.

— சொந்தமா ஒரு மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிறவன் அந்த மேசையில எப்படிண்ணே உக்காருவான்? பொடிசுங்ககூட எட்டிப் பாத்து, இவனுக்கு ஒண்ணு இருக்குன்னு சொல்லுமே. ஒரு கரண்டி எனக்குன்னு இருந்ததில்ல. இந்தச் சட்டகூட போன வருஷம் யோனாஸோடது.

— நான் தப்பா நெனச்சுட்டேன் போலிருக்கு.

— ஆமா.

— சரி. பொறு பொறு. ஒண்ணும் கெட்டுப்போகல. உள்ள இன்னும் மூடல. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு நல்ல பொண்ணு. சபைக்கே திருப்பி எழுதிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நாம வந்த வேன்ல வண்டியத் தூக்கிப் போட்டுக்கிட்டு பால் கறக்குற நேரத்துக்கு வீடு போய்ச் சேந்துடலாம். தாளக் குடு.

— ம்.

— குடுடா. சாப்பாட்டுக்குப் போயிடுவா.

— இருங்கண்ணே.

— என்ன?

— எனக்குன்னு எழுதின ஒண்ண இப்பத்தான் கையில பிடிச்சிருக்கேன். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேன்.

— பிடிச்சுக்க. ஆனா நேரமாச்சு. தாரியஸ்... டேய், அந்த ஹெல்மெட்ட எதுக்கு இப்ப எடுக்கற?

— நீங்க வேன எடுத்துட்டுப் போங்கண்ணே. காலையில வரைக்கும் எனக்கு அந்த நெனப்பு இல்ல, சத்தியமா இல்ல. இப்ப நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு ரோட்டுக்குப் போனாத்தான் எனக்கே தெரியும்.