என்னைப் பெயிலாக்கிய மருமகள்

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் காட்டிய ஆசிரியப் பெருமக்களே! ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருக்கும் தாய்மார்களே! என் வயதுப் பெரியவர்களே! என் பேரன் வயதில் இருக்கும் என் வகுப்புத் தோழர்களே! முதல் வரிசையில் அமர்ந்து, 'சீக்கிரம் முடிங்க' என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் வணக்கம்.

சான்றிதழ் பெற்றவர்கள் சார்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? முதல் மதிப்பெண் வாங்கியதாலா? இல்லை. மின்பணிப் பிரிவில் பெயிலானவன் நான் ஒருவன்தான்!

கைதட்டுகிறீர்களே, நியாயமா? சரி, தட்டுங்கள். தட்டத் தகுந்த விஷயம்தான்.

கிடங்கில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். முதுகுக்கு ஓய்வு வந்ததும் இந்தக் கல்லூரியின் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். எழுத்து கைக்கு வந்தது. ஆசை தலைக்கு ஏறியது. கடைப் பலகையைப் படித்தேன். பேருந்துப் பலகையைப் படித்தேன். ஒருநாள் இதே வாசலில் ஒரு பலகையைப் படித்தேன்: 'மின்பணிப் பயிற்சி. வயது வரம்பு இல்லை.' திரும்பவும் படித்தேன். வயது வரம்பு இல்லை! அடடா, அதை எழுதிய கைக்கு மோதிரம் போட வேண்டாமா?

சேர்ந்தேன். பாடம் எடுப்பவர் யார்? இதோ மேடையில் தலைகுனிந்து சிரிக்கிறாரே, என் மகனின் மனைவி, என் மருமகள்! காலையில் "மாமா, சாப்பிட வாங்க" என்பவர், மாலையில் "கடைசி பெஞ்ச், இங்க கவனிங்க" என்பார்.

"இந்த வாசலைத் தாண்டினா மாமா கிடையாது, மாணவர்தான். புரிஞ்சுதா மாமா?" என்றார்.

"புரிஞ்சுதுங்க மேடம்" என்றேன்.

தேர்வு வந்தது. ஒரு பலகை, ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு. வயரை இழுத்தேன், திருகாணியை முடுக்கினேன், ஸ்விட்சைப் போட்டேன். எரிந்தது! அணைத்தேன். அணைந்தது! பக்கத்து பெஞ்சுக்காரர் விசிலடித்தார். மேடம் விசிலடிக்கவில்லை. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே பல்பைக் கழற்றினார். கரண்ட் உள்ள இடத்தைத் தொட்டால் கைப்பிடியில் சின்ன விளக்கு எரியுமே, அந்த டெஸ்டரை எடுத்து ஹோல்டருக்குள் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது!

"ஸ்விட்சை எந்த வயர்ல குடுத்தீங்க?"

"ரெண்டு வயர் இருந்துது மேடம். ஒண்ணுல குடுத்தேன்."

"கரண்ட் வர்ற வயர்ல குடுக்கணும். நீங்க திரும்பிப் போற வயர்ல குடுத்திருக்கீங்க. ஸ்விட்சை அணைச்சாலும் கரண்ட் ஹோல்டர்லயே உக்காந்திருக்கு. பெயில்."

மாமனார் என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. நரைத்த தலை என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் மாமியார் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று பார்த்தாரா? அதைக் கொஞ்சம் பார்த்தார். ஆனாலும் பெயில்!

வீட்டில் இடி இறங்கியது.

"பல்பு எரிஞ்சுதா இல்லையா?" என்றாள் என் மனைவி.

"எரிஞ்சுது அத்தை."

"அப்புறம் என்ன பெயிலு? எங்க வீட்டுக்காரர் சர்டிபிகேட் வாங்கப் போறார்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கே பாஸ்னு மாத்து. மாத்தற வரைக்கும் என்கிட்ட பேசாத."

என் மகன் குளிக்கப் போய்விட்டான். அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன்!

நானா? உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டியவர்கள் உண்டு, தள்ளியவர்கள் உண்டு, பெயிலாக்கியவர் உண்டா? பெயிலாவதென்றால் முதலில் பரீட்சைக்குள் நுழைய வேண்டுமே ஐயா! நான் நுழைந்துவிட்டேன்! ஆனால் என் துள்ளலை வீட்டில் யாரிடம் காட்ட? மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே நான்தான் தபால்காரன். "உங்க மேடத்த சாப்பிடச் சொல்லுங்க" என்பாள் இவள். "அத்தை சாப்பிட்டாச்சானு கேளுங்க மாமா" என்பார் அவர். சான்றிதழ் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த இருவரும் மறுபடி பேசிக்கொள்வார்களா என்ற கவலை என்னை அரித்தது.

ஒரு சாயங்காலம் மருமகளே போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தை, நம்ம சமையலறை பல்பு போனா யாரு மாத்துவா?"

"வேற யாரு, நான்தான். இந்த வீட்டு ஆம்பளைங்களை ஸ்டூல்ல ஏத்தினா இறக்கறதுக்கு ஆள் தேடணும்."

"ஸ்விட்சை அணைச்சிட்டுத்தானே கை வெப்பீங்க?"

"பின்ன?"

"அது மாமா போட்ட போர்டா இருந்தா, அணைச்ச பிறகும் உள்ள கரண்ட் இருக்கும் அத்தை. தொடறது உங்க கை."

என் மனைவி மெல்லத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்!

"ஏங்க, இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு இதுதான் கைம்மாறா?"

பார்த்தீர்களா, அந்த நிமிடத்திலேயே கட்சி மாறிவிட்டாள்! மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு ஒழுங்காப் போடாம நீ பாஸ் போட்டே, அப்புறம் நிஜமாவே பேச மாட்டேன்" என்றாள்.

மறுதேர்வுக்கு அவளும் கிளம்பி வந்தாள். பல்பை எரிய வைத்தேன். அதை யாரும் மதிக்கவில்லை. அணைத்தேன். மேடம் பல்பைக் கழற்றினார். "அந்த டெஸ்டரை என்கிட்ட குடு" என்றாள் என் மனைவி. வாங்கி உள்ளே வைத்தாள். வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது.

எரியவில்லை.

எரியவில்லை ஐயா, எரியவே இல்லை! எரியாத விளக்கைப் பார்த்து ஆனந்தக் கூத்தாடிய வகுப்பு உலகத்தில் எங்கள் வகுப்பு ஒன்றாகத்தான் இருக்கும்!

தோழர்களே! நாம் முடுக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் அந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது. நீங்கள் பொருத்தும் குழாயின் அடியில் ஒரு முகம் குனியப் போகிறது. நீங்கள் சரிபார்த்த பிரேக்கை நம்பி ஒரு தகப்பன் தன் குழந்தையை முன்னால் உட்கார வைக்கப் போகிறான். அவர்களுக்கு நம் பெயர் தெரியுமா? தெரியாது. நம் மதிப்பெண் தெரியுமா? தெரியாது. ஆனாலும் கையை நீட்டுகிறார்கள்! மூட்டை தூக்கியவனும் நுழையலாம் என்று வாசலை அகலமாகத் திறந்த கல்லூரி இது. அந்தக் கைகளுக்காகத் தேர்வை மட்டும் இம்மியும் தளர்த்தாத கல்லூரி இது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் நான் கும்பிடுகிறேன்.

முடிக்கச் சொல்லி முதல் வரிசையிலிருந்து மறுபடி உத்தரவு வருகிறது. ஒரே ஒரு செய்தி. அங்கே அமர்ந்திருக்கும் அம்மையார் அடுத்த மாதம் இதே மேடத்திடம் மின்பணி கற்கச் சேர்கிறார். மேடம், தப்பாகப் போட்டால் தயங்காமல் பெயிலாக்குங்கள். அன்றைக்குச் சமையல் என் பொறுப்பு. தபாலும் என் பொறுப்பு!

என்னை உள்ளே விட்டவர்களுக்கும், உள்ளே விட்டபின் சும்மா விடாதவர்களுக்கும், இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி, நன்றி, வணக்கம்!