ஜன்னலோர மேப்பிள்

முதலில் காப்பியைக் குடி, ஆகோதா. ஆறிப்போனால் நீ தொடமாட்டாய்.

மற்ற இரண்டு கன்றுகளும் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன, ஜன்னலோர மேப்பிள் மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது என்று கேட்டாய். அடிமரத்தில் நான் சுற்றியிருந்த சாக்கையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டாய். முயல் கடித்தது என்று சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் எந்த முயலும் அவ்வளவு நேராகக் கடிக்காது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

மூன்றும் நீ வாங்கி வந்தவை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வியன்னாவிலிருந்து காரில் படுக்கவைத்துக் கொண்டு வந்தாய். "பழம் தராத மரத்த யாராவது நடுவாங்களாடி?" என்று கேலி செய்தவர்தான் குழி வெட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் நீ வருவாய். அப்பாவும் மகளும் தோட்டத்தில் நாற்காலி போட்டு, தேவாலயத்தில் உட்கார்ந்ததுபோல அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் உள்ளே முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு உன் அப்பா என்னிடம் தவணை கேட்க ஆரம்பித்தார். "செர்ரி பழுக்கட்டும் கிழவி, அப்புறம் போயிடுறேன்" என்றார். பழுத்தது. "ஆப்ரிகாட் சாராயம் இறக்கட்டும்." அதையும் இறக்கினார்கள், விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். "சரி, மேப்பிள் செவக்கட்டும். ஆகோதாவோட ஒரு தடவை உக்காந்து பாத்துடுறேன். அதோட உன்ன விட்டுடுறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கண்ணை மூடினால் போதும், கைத்தடியால் சுவரைத் தட்டுவார். தண்ணீர், தலையணை, மறுபடி தண்ணீர். அவரைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு விட்டுப்போனது. நீ போனில், "உன்ன மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாதும்மா" என்பாய். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் ஹால்மோஷ் டாக்டர் வந்து உன் அப்பாவின் நெஞ்சைச் சோதித்தார். "உங்க வெண்டெல் கில்லாடிதாம்மா. வசந்தம் வரைக்கும்கூட இழுத்துப் பிடிச்சிடுவார்" என்றார். அவருக்கு ஒரு கூடை ஆப்ரிகாட் கொடுத்து அனுப்பினேன். பிறகு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

துணிக்கொடிக் கம்பி நெரித்துவிட்ட அந்தப் பிளம் கன்று நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் கோடையிலேயே சிவந்து நின்றது. நீயும் நானும் அழகு என்றோம். உன் அப்பா கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழகாவது ஒண்ணாவது. சாகப் போகுது, அதான் அவசரப்படுது" என்றார்.

கொடுத்த தவணைக்கு முன்னால் ஒருவரை அனுப்புகிறவள் இல்லை நான். மேப்பிள் சிவந்த பின் என்றால், சிவந்த பின்தான். ஒட்டுக் கட்டும் கத்தியை எடுத்துப் போய், பட்டையை ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்தேன். இளம் மரம், சிரமமே இல்லாமல் வந்தது.

ஆகஸ்ட் முடிவதற்குள் மரம் முழுக்கச் சிவந்துவிட்டது. மற்ற இரண்டும் அவர் ஜன்னலுக்குத் தெரியாது. எந்த மாதம் என்பது அவருக்கு ஏற்கெனவே குழம்பித்தான் கிடந்தது. கம்பளிக் குல்லாய் போட்டுவிட்டேன். குளிர்காலம்போல அறையைச் சூடாக்கும் அடுப்பை மூட்டினேன். வியர்த்தபோது காய்ச்சல் என்றேன்.

ஒரு காலையில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்து ஜன்னலைத் திறந்தேன். மேப்பிள் மிளகாய்ப்பழ நிறத்தில் நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"ஆகோதா எங்க?"

"போன் பண்ணினா. வேலையாம். இந்த வருசம் வரலியாம்."

நீ போன் செய்யவில்லை. நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் மறுபடி வெளியே பார்த்தார். நம் கூரைக்கடியில் கூடு கட்டிய தகைவிலான் குருவிகள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குளிர் தொடங்குமுன்பே தெற்கே போய்விடுகிற பறவைகள். அவற்றை நான் மறந்தே போயிருந்தேன்.

"குருவிங்க இன்னும் போகலயே."

"இந்த வருசம் லேட்டு" என்றேன்.

"ஓகோ." பிறகு மரத்தைப் பார்த்து, "பாவம், அவசரப்பட்டிருச்சு" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு, கிழவி?"

தூக்கத்துக்கான சொட்டு மருந்து புட்டியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் பாலில் ஊற்றினேன். கசக்குமே என்று தேனும் கலந்தேன். கரண்டி கரண்டியாக ஊட்டினேன், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவர் மூச்சு அடங்கியதும் பக்கத்திலேயே படுத்து மறுநாள்வரை தூங்கினேன். எழுந்த பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். ஹால்மோஷ் டாக்டர் வயதானதால் வந்த சாவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அழாதே, ஆகோதா. இலையுதிர் காலத்தைப் பார்த்துவிட்டோம் என்று நம்பித்தான் அவர் நிம்மதியாகப் போனார். நம்பாவிட்டால், ஒவ்வொரு கரண்டிக்கும் அவ்வளவு அமைதியாக வாயைத் திறந்திருப்பாரா?