கப்பலில் வந்த மஞ்சள் மண்

எல்லோரும் சௌக்கியம்தானே? சிக்குன்குனியா வந்து படுத்தவர்களுக்கு முட்டி வலி விட்டதா? எனக்கு இடது கணுக்கால் காலையில் தரையில் ஊன்ற மாட்டேன் என்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

பிரிண்டிங் இங்க்கும் பேனா மையும் சுங்கத்தில் ஒரே தலைப்பில்தான் வரும் என்று போன தடவை எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் நன்றி சொல்லியிருந்தீர்கள். கடலூரிலிருந்து ஒருவர், கலர் மண்ணை எதில் போடுவது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வந்தால் எங்கள் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்து மஞ்சளையும் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிடுகிறேன். மறைக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சரக்குக்கும் சுங்கப் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. சாயம், பெயின்ட், மை, ஆலையில் செய்த கலர்ப்பொடி எல்லாம் முப்பத்திரண்டாம் அத்தியாயம். உப்பு, கல், மண் இருபத்தைந்தாம் அத்தியாயம். பூமியில் வெட்டியெடுத்து, அரைத்து, சலித்த மஞ்சள் காவி மண் என்றால் இருபத்தைந்தில் போடலாம். இரும்பு ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் இடம் மாறும். ஈயத்தையும் குரோமியத்தையும் சேர்த்து ஆலையில் செய்த மஞ்சள் என்றால் முப்பத்திரண்டு. பார்வைக்கு இரண்டும் மஞ்சள் பொடிதான். தீர்வையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் முப்பத்திரண்டு என்றால் ஆபீசர் டிரம்மைத் திறந்து, சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவார். மண்ணுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

என் கணவர் போன பிறகு அவர் பார்த்த கிளியரிங் ஏஜென்ட் வேலையை, அதாவது சுங்கத்தில் காகிதம் போட்டுச் சரக்கை விடுவிக்கிற வேலையை, நானே எடுத்துச் செய்தேன். பாண்டிச்சேரியில் சாரம் பகுதியில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நான் போட்ட தலைப்பு தவறு என்று ஒரு காகிதம்கூடத் திரும்பி வந்ததில்லை. சென்னைத் துறைமுகத்தில் என் கையெழுத்தைப் பார்த்தால், "பாண்டிச்சேரி நிர்மலாதேவி அம்மாவுதா? அப்ப திறக்க வேணாம், விடுங்க" என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

கலியமூர்த்தி, பஞ்சாலையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, கோலத்துக்குக் கலர்ப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். கலரை வெள்ளைக் கல்மாவோடு கலந்து, சலித்து, சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கட்டுவார்கள். எல்லாம் கைவேலை, பெண்கள்தான் செய்வார்கள். இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கார்த்திகையில், எடுப்பாக ஒரு மஞ்சள் வேண்டும் என்று வெளிநாட்டுச் சரக்கு வரவழைத்தார்.

"அக்கா, மார்கழி பொறந்துட்டா எம் மஞ்சள எவன் வாங்குவான்? எப்படியாவது சீக்கிரம் எடுத்துக் குடுங்கக்கா."

பில்லில் 'மினரல் எல்லோ' என்று மட்டும் இருந்தது. மினரல் என்றால் பூமியில் கிடைப்பது. மண் என்று போட்டேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. டிரம்கள் வந்து சேர்ந்தன. இதுவரை நான் செய்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

சரக்கு வந்த மறுவாரம் ஷெட்டுப் பக்கம் போனேன். ஒரு டிரம்மைத் திறந்து வைத்திருந்தார்கள். கரண்டியால் கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். கை கீழே இறங்கியது. மண் அந்தக் கனம் கனக்காது. நிறமும் காவி மாதிரி மங்கலாக இல்லை, எலுமிச்சம்பழம் மாதிரி பளீரென்று இருந்தது. வீட்டுக்கு வந்து, சரக்கை வரவழைத்துக் கொடுத்த சென்னை ஆள் தேவதாஸுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, ஈய மஞ்சள்தான். ரோட்டுல கோடு போடற பெயின்ட்டுக்குப் போறது. உங்க பார்ட்டி எதுக்கு வாங்குனாரு?"

"கோலப்பொடிக்கு."

"ஐயையோ, பெயின்ட் போடறவருன்னுல்ல நெனச்சேன். உடனே சொல்லிடுங்கம்மா அவருகிட்ட. பொம்பளைங்க கையால அள்ளுவாங்களே."

"சொல்லிடறேன்" என்றேன்.

ஈயம் உடம்பில் போனால் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா அச்சுக்கோப்பவர். ஈய எழுத்தைத் தொட்டுத் தொட்டு, கடைசிக் காலத்தில் அவரால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அம்மாதான் வாயில் ஊற்றுவார்.

அதனால் மறுநாள் காலையிலேயே மேட்டுப்பாளையம் போனேன். சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. போகிற வழியில் யோசித்தேன். கலியமூர்த்தியிடம் சொன்னால் அவர் சரக்கைத் திருப்புவார். திருப்பினால் ஏன் என்று துறைமுகத்தில் கேட்பார்கள். நானே ஒரு காகிதம் எழுதி, தலைப்பைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடலாம், அதில் ஒன்றும் இல்லை என்றுதான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

ஷெட்டில் ஒரே சிரிப்பாக இருந்தது. முதலியார்பேட்டையிலிருந்து வரும் சின்னக்கண்ணுவும், அவள் மருமகள் சிந்துஜாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். சிந்துஜாவுக்கு ஆறாம் மாதம். முழங்கை வரை மஞ்சள்.

"வாங்கம்மா, வந்து இந்த அநியாயத்தக் கேளுங்க" என்றாள் சின்னக்கண்ணு. "எங்கூட்டு மருமவ செவுத்த நக்குறா. அடுப்பு மண்ணு, சாம்பலு, ஒண்ணுத்த உடறதில்ல. வூடே சின்னதாப் போயிடும் போலருக்கு."

"போ அத்த. நீ உம் புள்ளய வயித்துல வச்சிக்கினு செம்மண்ணு தின்னத ஊருக்கெல்லாம் சொல்றவதான? நான் தின்னா மட்டும் அநியாயமா?"

"நான் தின்னது கரும்புக் கொல்ல மண்ணுடி. உம் மாமியா நல்ல மண்ணாப் பாத்துத் தின்னவ."

எல்லாரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தார். சிந்துஜா என்னைப் பார்த்துச் சங்கோசமாகக் கேட்டாள்.

"அம்மா, இதுவும் மண்ணுதானம்மா? சலிக்கச் சலிக்க வாய் ஊறுது. ரெண்டு தடவ தொட்டு நாக்குல வச்சிப் பாத்தேன், லேசா இனிக்கிது. படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

"அக்காவக் கேக்கணுமா?" என்றார் கலியமூர்த்தி. "அவங்கதான் கவர்மென்டுக்கே மண்ணுன்னு எழுதிக் குடுத்தவங்க. கப்பல்ல வந்த மண்ணு, தின்னு. உம் புள்ள கலராப் பொறக்கும்."

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்! வேலையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"மண்ணுதாண்டி. ரொம்பத் தின்னாத, வயித்துல பூச்சி வரும்" என்றேன்.

அவள் என் கண்ணெதிரிலேயே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த மார்கழியில் சாரத்துத் தெருவெல்லாம் அந்த மஞ்சள்தான். நல்ல எடுப்பாக இருந்தது. பிள்ளைகள் விரலாலேயே அள்ளிப் போட்டன.

தை பிறந்ததும் ஷெட்டில் ஒவ்வொருத்தருக்காக வயிற்றுவலி வந்தது. கண் பட்டுவிட்டது என்று கலியமூர்த்தி திருஷ்டிப் பூசணி கட்டினார். மார்க்கெட்டில் நல்ல காயாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தது நான்தான். சிந்துஜாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் வெளுத்துப் போயிருந்தாள். எதைத் தின்றாள் என்று டாக்டர் கேட்டதும், அவளுக்கும் சின்னக்கண்ணுவுக்கும் ஒரே பதில்தான்: மண். அது என்ன மண் என்று கேட்டதற்கு, என்னை வரச்சொல்லிக் கலியமூர்த்தி போன் செய்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். "அந்தப் பவுடர்ல ஈயம் கீயம் கலந்திருக்க வாய்ப்பு இருக்காம்மா? இருந்தா உடனே வேற மருந்து ஆரம்பிக்கணும். இந்த நேரத்துல தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

அவர் அவ்வளவு தெளிவாகக் கேட்டதால் நானும் தெளிவாகவே சொன்னேன். "சுங்கத்துல மண்ணுன்னுதான் பாஸாகியிருக்கு டாக்டர். இயற்கையான மண்ணு. பேப்பர்ல ஈயம்னு எதுவும் இல்ல."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் ரத்தசோகைக்கும் பூச்சிக்கும் மருந்து எழுதினார்.

குழந்தை நாள் ஆகுமுன்பே பிறந்தது. பெண். பேர் வைக்கும்வரை இருக்கவில்லை. சிந்துஜாவுக்கு வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது, சீப்பைப் பிடிக்க முடியவில்லை. துக்கம் கேட்கப் போனபோது சின்னக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மண்ணு தின்னதால இருக்காதும்மா. நானுந்தான தின்னேன், எம் புள்ள ஆனக்குட்டியாட்டம் பொறந்தான். இவ ஒடம்புதான் சரியில்ல, இவ ராசி அப்புடி."

சிந்துஜா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சின்னக்கண்ணுவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு அவளைப் பாகூர்ப் பக்கம் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் கலியமூர்த்தி அதே மஞ்சளைக் கேட்டார், ஊரில் நல்ல பேர் என்றார். தேவதாஸ் போனில் தயங்கினார். "கோலப்பொடிக்கு இல்லையேம்மா? போன தடவையே சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன். இப்ப பெயின்ட்டும் ஆரம்பிச்சிருக்காரு" என்றேன்.

இங்கேதான் கடலூர்க்காரர் கவனிக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து, ஒரே பேரில், ஒரே சரக்கு மறுபடி வந்தால், முதல் தடவை போட்ட தலைப்பில்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் முதலில் போட்டது தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டதாகும். ஈயம் என்று தெரிந்தும், அந்தப் பெண் தின்றதைப் பார்த்தும், குழந்தை போனதற்கு அப்புறமும், அதை மறுபடி மண் என்றே போட்டேன். அந்தக் காகிதமும் திரும்பி வரவில்லை. இந்த வருஷச் சரக்கும் கிளம்பிவிட்டது, கப்பல் அடுத்த மாதம் வரும். அதே பெண்கள்தான் சலிக்கிறார்கள். சிந்துஜா இடத்தில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.

குழந்தை போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரே ஒரு வீட்டை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. உங்களிலும் மசக்கையில் மண் தின்றுவிட்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்த ஊர், என்ன மண், பிள்ளை இப்போது என்ன படிக்கிறது என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.