பத்து மணிக்கு எழுபவர்

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், முன்சீட்டுப் பெண்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

"எங்க வீட்டுக்காரரை விடியக்காலைல எழுப்பினா அன்னிக்குப் பூரா தலைவலிங்க. பத்து மணி ஆகணும். பொழுது சாஞ்சாத்தான் ஆளுக்குத் தெம்பே வரும்."

"விவசாயம் பண்றவரு இப்படி இருந்தா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சுச்சு. போன அறுப்புல கொள்முதல் நிலையத்துல ஊரு நெல்லு பூரா குவிஞ்சு கிடந்துச்சு. காவலுக்குப் போனவங்க எல்லாம் அசந்துட்டாங்க. நடுராத்திரி தூறல் விழுந்தப்ப முழிச்சிருந்தது இவரு ஒருத்தர்தான். மழை பிடிக்கறதுக்குள்ள எல்லார் நெல்லையும் தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு."

"அடேயப்பா. இப்ப என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்றதில்லங்க. காலைல எங்க வீட்டைத் தாண்டுற வரைக்கும் பால்காரர் பைக்கை ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டே போறாரு."